கிப்லாவைக் கணக்கிட்ட பெருந்தகை: அறிஞர் அபூ ரைஹான் அல்பீரூனி (ரஹ்)

 

பழைய பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் ஊர்களில் ஒரு சச்சரவு எழுவதை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். திசைகாட்டியுடன் வரும் பொறியாளர், மிஹ்ராபு சற்றே விலகி அமைந்திருக்கிறது என்பார். உடனே ஸஃப்புக் கோடுகளைச் சாய்த்துப் போட வேண்டும் என்று ஒரு சாரார் கூறுவர். நம் பாட்டன்மார் காலங்காலமாய்த் தொழுத திசையைக் குறை கூற நீ யார் என்று மறுசாரார் கொதித்தெழுவர். இருவருமே மார்க்கப் பற்று மிக்கவர்கள்தாம். ஆயினும் கருவியைக் கையில் எடுப்பது ஈமானுக்குக் குறைவு என்று இவரும், கருவி அறியாதவர் அறிவிலி என்று அவரும் எண்ணிக்கொள்வதால் சலாம் சொல்லிக்கொள்வதுகூட நின்றுபோகிறது.

இச்சச்சரவு நேற்று தோன்றியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதன் நடுவில் நின்று, வணக்கத்திற்காகவே வானத்தையும் பூமியையும் அளந்த ஒருவரின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக நினைவுகூர விழைகிறோம். அவர்தாம் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி (ரஹ்) அவர்கள்.

கி.பி. 973 செப்டம்பரில், ஹிஜ்ரி 362ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதத்தில், குவாரஸ்ம் நாட்டின் தலைநகரான காத் என்னும் ஊரில் அன்னார் பிறந்தார். இன்று அப்பகுதி உஸ்பெகிஸ்தானில் உள்ளது. அவ்வூருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. பீரூன் என்றால் பாரசீக மொழியில் வெளிப்புறம் என்று பொருள். நகரின் வெளிப்புறத்தில் பிறந்தவர் என்பதால் அப்பெயர் அமைந்தது என்பர். குலப்பெருமையோ செல்வமோ அவருக்கு வாய்க்கவில்லை. வாய்த்தது ஒரு நல்லாசிரியர். அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூ நஸ்ர் மன்சூர் இப்னு இராக் அவரைத் தம் மாணவராக ஏற்று வளர்த்தார். பிற்காலத்தில் அந்த ஆசிரியரே தாம் எழுதிய பல நூல்களைத் தம் மாணவர் பெயருக்குக் காணிக்கையாக்கினார் என்றால், அவ்விருவரிடையே நிலவிய அன்பை நாம் உணரலாம்.

பதினேழு வயதிலேயே சூரியனின் நண்பகல் உயரத்தை அளந்து, தம் ஊரின் அட்சரேகையை அவர் கணக்கிட்டார். சில ஆண்டுகளில் 15 முழ விட்டமுள்ள வளையம் ஒன்றை அமைத்துச் சூரியனின் போக்கை ஆராயத் தொடங்கினார். அவ்வேலை நடந்துகொண்டிருந்த 995ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆதரித்த அரசகுலம் வீழ்ந்தது. இருபத்திரண்டு வயது இளைஞர் யாவற்றையும் விட்டுவிட்டு ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

வறுமையோடு ரய் நகரை அடைந்தார். அது இன்றைய தெஹ்ரானின் அருகில் உள்ளது. அங்கே சோதிடர் ஒருவர், ஒரு கணிதக் கருத்தில் பீரூனி சொன்னது சரியாக இருந்தும், அவருடைய ஏழ்மைக் கோலத்தைக் கண்டு எள்ளி நகையாடினார். பின்னர் பீரூனியின் நிலை உயர்ந்தபோது அதே மனிதர் நட்புப் பாராட்டி வந்தார். இதனைப் பீரூனியே தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். சட்டையைப் பார்த்து ஸஃப்பில் இடம் தரும் வழக்கம் நம் காலத்தில் மட்டும் இல்லை போலும்!

997 மே மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அப்போது பீரூனி மீண்டும் காத் நகரில் இருந்தார். பக்தாதில் இருந்த பெரும் கணித அறிஞர் அபுல் வஃபாவுடன் முன்னரே ஏற்பாடு செய்துகொண்டு, இருவரும் தத்தம் ஊரிலிருந்து அந்த ஒரே கிரகணத்தைக் கவனித்தனர். கிரகணம் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஆனால் ஊருக்கு ஊர் உள்ளூர் நேரம் வேறு. அந்த நேர வேறுபாட்டிலிருந்து இரு நகரங்களுக்கும் இடையே கிழக்கு மேற்காக எத்தனை பாகை என்பதை அறியலாம். ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை என்பது கணக்கு. தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில் பல நூறு மைல் இடைவெளியில் இருவர் நிகழ்த்திய இந்தக் கூட்டு ஆய்வு இன்றும் வியப்பளிக்கிறது.

பின்னர் காஸ்பியன் கடலருகே குர்கான் நாட்டு மன்னர் காபூஸின் ஆதரவில் இருந்தபோது, ஏறத்தாழ கி.பி. 1000த்தில், உலக மக்கள் பின்பற்றிய நாட்காட்டிகளையும் பண்டிகைகளையும் ஆராய்ந்து அல்ஆதாருல் பாகியா என்னும் பெருநூலை எழுதினார். யூதர், கிறிஸ்தவர், பாரசீகர் என ஒவ்வொருவரும் நாளை எவ்வாறு எண்ணுகின்றனர் என்பதை வெறுப்பின்றி விளக்கும் நூல் அது. அதில் நம்மவர்க்கு நெருக்கமான செய்தியும் உண்டு. ரமளான் மாதம் எப்போதும் முப்பது நாள்தான் என்று அட்டவணை போட்டுக்கொண்ட ஒரு கூட்டத்தாரை அவர் மறுத்துரைக்கிறார். நிலவின் வேகம் மாறுகிறது, ஊரின் அட்சரேகை மாறுகிறது, காற்றின் தெளிவும் மாறுகிறது. ஆகவே பிறை தென்படுவதை மாறாத ஒரு விதிக்குள் அடைக்க இயலாது என்பது அவர் வாதம். அக்காலத்தில் கணக்கில் அவரை மிஞ்சியவர் அரிது. கணக்கின் எல்லை எதுவரை என்பதைச் சொன்னவரும் அவரே. பிறை குறித்து ஆண்டுதோறும் இரவு பதினொரு மணி வரை வழக்காடும் நாம் இரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ளலாம்.

இளம் வயதிலேயே இப்னு சீனாவுடன் அவர் நடத்திய கடித விவாதமும் புகழ்பெற்றது. அரிஸ்டாட்டிலின் கொள்கைகள் மீதும் இயற்கையின் நிகழ்வுகள் மீதுமாக 18 வினாக்களை அவர் தொடுத்தார். பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது என்பது அவற்றுள் ஒன்று. முன்னோர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்க அவர் ஆயத்தமாக இல்லை.

தாயகம் திரும்பி, குவாரஸ்ம் மன்னர் மஃமூனின் அவையில் சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்தார். 1017இல் மன்னர் கொல்லப்பட, அதைக் காரணமாக்கிச் சுல்தான் மஹ்மூது கஸ்னவி படையெடுத்து அந்நாட்டைக் கைப்பற்றினார். அறிஞர்கள் பலரும் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பீரூனியும் அவருடைய ஆசிரியரும் இருந்தனர். இது அழைப்பா, சிறையா? இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலை என்றே நமக்குத் தோன்றுகிறது. அன்று தொடங்கி வாழ்நாள் முழுதும் கஸ்னியே அவருக்கு ஊராயிற்று.

1018 அக்டோபரில் காபூலை அடுத்த ஜைஃபூர் என்னும் சிற்றூரில் அவர் இருந்தார். கையில் கருவி எதுவும் இல்லை. மனமோ துயரத்தில் ஆழ்ந்திருந்தது. நூஹ் (அலை), லூத் (அலை) ஆகிய நபிமார்கள் அடைந்த சோதனைகளை எண்ணிப் பார்த்து, அவர்களுக்குக் கிடைத்த இறையருளில் மூன்றாமவராகத் தமக்கும் பங்கு கிடைக்கவேண்டும் என்று ஆதரவு வைத்ததை எழுதியிருக்கிறார். எழுதியவர் சும்மா இருக்கவில்லை. கணக்குப் போடும் பலகையைப் புரட்டி, அதன் பின்புறத்தில் வட்டத்தின் ஒரு பகுதியை வரைந்து, பாகைகளைக் குறித்து, நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். அந்தப் பலகையைக் கொண்டே சூரியனின் உயரத்தை அளந்து அவ்வூரின் அட்சரேகையைக் கண்டறிந்தார். துஆவும் உழைப்பும் அவரிடத்தில் ஒரே நாளில், ஒரே பலகையின் அருகில் இருந்தன.

கஸ்னியில் அவர் எழுதிய நூல்களுள் நிழல்களைப் பற்றிய ஒரு நூல் உண்டு. நிழலைப் பற்றி ஒரு தனி நூலா என்று வியக்கவேண்டாம். லுஹரும் அஸரும் நிழலால் அறியப்படுபவை அல்லவா? நண்பகலில் இருந்த நிழலோடு ஒரு பொருளின் உயரத்தளவு நிழல் கூடும்போது அஸர் நேரம் தொடங்குகிறது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபு. இருமடங்கு கூடும்போது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்று. குச்சியை நட்டு அளப்பதைக் கணிதமாக்கி, எந்த ஊரிலும் எந்த நாளிலும் கணக்கிடும் வழியை அந்நூலில் அவர் வகுத்தளித்தார்.

அந்நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தொழுகை நேரத்தை அறியும் கருவி ஒன்றில் ரோமர்களின் மாதப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பேணுதல் மிக்க ஒருவர் அதைத் தொடவே மறுத்தார். மாற்றாருக்கு ஒப்பாகிவிடுவோம் என்பது அவர் அச்சம். ரோமர்கள் உணவு உண்கிறார்கள், கடைத்தெருவிலும் நடக்கிறார்கள். அவ்விரண்டிலும் அவர்களுக்கு ஒப்பாகாமல் இருந்துகொள்ளும்படி பீரூனி அவருக்கு விடையளித்தார். உண்பதையும் கடைத்தெருவில் நடப்பதையும் சொல்லி நபியவர்களைக் குறைகூறியோர் பற்றித் திருமறை பேசுவதை அறிந்தோர்க்கு, அவ்விடையின் கூர்மை இன்னும் நன்கு விளங்கும். நம் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையில் ஜனவரி, பிப்ரவரி என்றிருப்பவையும் அதே ரோமர்களின் மாதங்கள்தாம்! தொழுகை நேரம் சூரியனைச் சார்ந்தது. ஆகவே சூரிய நாட்காட்டி அதற்கு வேண்டியிருக்கிறது. வேறொன்றுமில்லை.

இனி, நாம் முதலில் சொன்ன கிப்லாவுக்கு வருவோம். 1025இல் அவர் நிறைவு செய்த தஹ்தீது நிஹாயாத்துல் அமாகின் என்னும் நூல், ஊர்களின் சரியான இருப்பிடத்தைக் கண்டறியும் முறைகளைக் கூறுவது. அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று கஸ்னியிலிருந்து கஃபா எத்திசையில் உள்ளது என்பதை நிறுவுவது. அக்காலத்தில் சிலர் காற்று வீசும் திசையை வைத்தும், சிலர் சில விண்மீன்கள் உதிக்கும் இடத்தை வைத்தும் கிப்லாவைத் தீர்மானித்தனர். இத்துறையை அறியாதவர்கள் இவ்வாறு தீர்மானிப்பதில் எவ்வாறு சரிகாண முடியும் என்று பீரூனி கடிந்துரைத்தார். அவர் நாவில் சற்றுக் கடுமை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கணக்கிற்குத் தேவையானவை மக்காவின் இருப்பிடமும் நம் ஊரின் இருப்பிடமும். அட்சரேகையைச் சூரியனோ துருவ விண்மீனோ சொல்லிவிடும். தீர்க்கரேகை எளிதில் பிடிபடாது. கிரகணத்திற்காகக் காத்திராமல், பக்தாதிலிருந்து ரய், குவாரஸ்ம் என ஊர் ஊராக, பயணக் கூட்டத்தார் சொன்ன தொலைவுகளைத் திரட்டி, பாதையின் வளைவுகளுக்காகக் கழிக்க வேண்டியதைக் கழித்து, ஒரு வழியில் கிடைத்த விடையை மறுவழியில் கிடைத்த விடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, கஸ்னி வரை கணக்கைக் கொண்டுவந்தார். பக்தாதுக்கும் கஸ்னிக்கும் இடையே அவர் கண்ட தீர்க்கரேகை வேறுபாட்டில் பிழை அரைப் பாகைக்கும் குறைவே. ஒட்டகக்காரரின் வாய்ச்சொல்லிலிருந்து பெற்ற துல்லியம் இது!

பூமி உருண்டை ஆகையால் கிப்லா என்பது அதன் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழியின் திசை. சென்னையிலிருந்து பார்த்தால் அது நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. கருவி ஏதும் இன்றி இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மே 27, 28 தேதிகளில் நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 15, 16 தேதிகளில் பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கிறது. அக்கணத்தில் நேராக நட்ட குச்சியின் நிழலைக் கவனித்தால், நிழல் விழும் திசைக்கு நேரெதிரே கிப்லா. வெயிலும் ஒரு குச்சியும் போதும். இளைஞர்கள் முயன்று பார்க்கலாம்.

பூமியின் அளவையே அறியாமல் இக்கணக்குகள் முழுமை பெறா. அப்பாஸிய கலீஃபா மஃமூனின் காலத்து அறிஞர்கள் சின்ஜார் பாலைவனத்தில் வடக்குத் தெற்காக நடந்து ஒரு பாகையின் நீளத்தை அளந்திருந்தனர். அதுபோன்று தாமும் செய்ய பீரூனி முன்னரே முயன்றார். உதவ ஆளில்லை, பொருளும் இல்லை. பின்னர் இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையில் தங்கியபோது, சமவெளியை நோக்கி நின்ற ஒரு மலையைக் கண்டார். முதலில் கீழிருந்து அதன் உயரத்தை அளந்தார். 652 முழமும் சொச்சமும். பிறகு உச்சியில் ஏறித் தொடுவானத்தைப் பார்த்தார். பூமி வளைந்திருப்பதால், உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே தெரியும். அந்தச் சரிவு 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சிறிது கூடுதல். மலையின் உயரம், இந்தச் சிறு கோணம், ஒரு முக்கோணக் கணக்கு ஆகிய மூன்றைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கண்டார்.

அவர் கண்ட அளவு இன்றைய அளவோடு அப்படியே பொருந்துகிறது என்று மேடைகளில் முழங்குவதைக் கேட்கிறோம். அவருடைய முழம் எத்தனை அங்குலம் என்பதைப் பொறுத்தது அப்பொருத்தம். அன்றியும் தொடுவானத்திலிருந்து வரும் ஒளி காற்றில் வளைவதால் இம்முறையில் பிழை நேரும் என்பதை இன்று அறிவோம். நாம் முழங்குவது இருக்கட்டும். பீரூனி என்ன செய்தார்? தம் விடை மஃமூனின் அறிஞர்கள் கண்டதற்கு அருகில் வந்ததைக் குறிப்பிட்டுவிட்டு, அவர்களுடைய கருவிகள் நுட்பமானவை, அவர்கள் எடுத்த சிரமமும் மிகுதி, ஆகவே அவர்களுடைய அளவையே கொள்வோம் என்று எழுதி வைத்தார். மலை ஏறி இறங்கியவர் தம் எண்ணைத் தாமே பின்னுக்குத் தள்ளினார்.

சுல்தானின் படையெடுப்புகளின் காலத்தில் இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளில் தங்கிச் சமஸ்கிருதம் கற்றார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார். ஏறத்தாழ 1030இல் எழுதிய கிதாபுல் ஹிந்து, இந்து மக்களின் சமயம், கணிதம், வானவியல், பழக்கவழக்கம் ஆகியவற்றை அவர்களுடைய நூல்களைக் கொண்டே விளக்குகிறது. சுல்தானின் படையெடுப்புகள் அந்நாட்டின் வளத்தைச் சிதைத்ததையும், அதனால் மக்கள் உள்ளத்தில் முஸ்லிம்கள் மீது வெறுப்பு வேரூன்றியதையும், அந்த அரசின் நிழலில் இருந்துகொண்டே எழுதிய துணிவு அவருடையது. தென்னகம் வரை அவர் வரவில்லை. எனினும் இராமேசுவரமும் சேதுவும் அந்நூலில் பெயரளவில் இடம்பெறுகின்றன.

அந்நூலின் ஓரிடத்தில், வானம் பூமி ஆகியவற்றின் அமைப்பைப் பேசும்போது, திருக்குர்ஆன் இவ்விஷயங்களில் கூறுவது எதையும் அறியப்பட்ட உண்மையோடு இணக்குவதற்காக வலிந்து பொருள்கொள்ள வேண்டிய தேவையே இல்லை என்று கூறுகிறார். நாமோ ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பும் பத்திரிகையில் வந்த மறுநாளே அதற்கு ஓர் ஆயத்தைத் தேடுகிறோம். கண்டுபிடிப்பு பத்தாண்டில் மாறிவிட்டால் அந்த ஆயத்தை என்ன செய்வது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

கஸ்னி அவையில் நடந்ததாக யாகூத் என்னும் வரலாற்றாசிரியர் தரும் செய்தி ஒன்று. துருக்கியர் நாட்டிலிருந்து வந்த தூதர் ஒருவர், நெடுந்தொலைவில் சூரியன் மறையாமலேயே சுற்றிவரும் நிலப்பகுதி உண்டு என்றார். சுல்தானுக்குச் சினம் பொங்கிற்று. இது வழிகெட்டோரின் பேச்சு என்றார். தூதர் தம் கருத்தைச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறார் என்று அவையோர் ஒருவர் எடுத்துரைத்து, துல்கர்னைன் சூரியனிலிருந்து மறைப்பே இல்லாத மக்களைக் கண்டதாக சூரத்துல் கஹ்ஃபில் வருவதை ஓதினார். சுல்தான் பீரூனியின் பக்கம் திரும்பினார். துருவத்தை அடுத்த நாடுகளில் அவ்வாறு நிகழ்வது ஏன் என்பதை அவர் சுருக்கமாக விளக்க, சினம் தணிந்தது. ஒரு மனிதர் மீது விழவிருந்த வழிகேடர் என்ற பழி, ஒரு வானவியல் விளக்கத்தால் நீங்கிற்று.

சுல்தான் மஹ்மூது 1030இல் மறைந்தபின், அவர் மகன் மஸ்ஊதின் காலத்தில் பீரூனிக்கு ஓரளவு நிம்மதி கிட்டியது. தம் வானவியல் பெருநூலை அல்கானூனுல் மஸ்ஊதி என்று அம்மன்னர் பெயரால் அமைத்தார். அதற்குப் பரிசாக ஒரு யானை சுமக்கும் வெள்ளி அனுப்பப்பட்டதாகவும், தமக்கு அது தேவையில்லை என்று அவர் திருப்பி அனுப்பியதாகவும் சொல்லப்படுகிறது. தாம் எழுதியவற்றுக்கு 1036இல் ஒரு பட்டியல் தயாரித்தார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அதில் இருந்தன. பெரும்பாலானவை காலத்தால் அழிந்துபோயின. பின்னரும் இரத்தினங்கள், உலோகங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். கண் மங்கி, செவி தளர்ந்த முதுமையிலும் ஒரு மருத்துவரின் துணையோடு மருந்துப் பொருள்களைப் பற்றிய நூலில் ஈடுபட்டிருந்தார்.

அன்னாரின் மறைவு ஹிஜ்ரி 440, அதாவது கி.பி. 1048 என்பது பலர் கூறும் கணக்கு; ஓரிரு ஆண்டுகள் பிந்தியது என்போரும் உளர். அவருடைய இறுதி வேளையைப் பற்றி யாகூத் எழுதுகிறார். சட்ட அறிஞர் அபுல் ஹஸன் அல்வல்வாலிஜி அவரைக் காணச் சென்றிருந்தார். மூச்சுத் திணறி, நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்த அந்நிலையிலும், வாரிசுரிமையில் பாட்டிமார்களின் பங்கு குறித்து முன்னொரு நாள் அவர் சொன்ன நுட்பமான ஒரு கணக்கை மீண்டும் விளக்கும்படி பீரூனி கேட்டார். இந்த வேளையிலா என்று வந்தவர் இரங்கினார். அதை அறியாமல் உலகைவிட்டுப் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேலல்லவா என்பதாக இருந்தது நோயாளியின் விடை. வந்தவர் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். பீரூனி அதை மனனம் செய்து திரும்பச் சொல்லிக் காட்டினார். விடைபெற்றுத் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே, அவ்வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது வல்வாலிஜியின் காதில் விழுந்தது.